கீரிமலை ஊற்றும் விருப்பின் தோற்றுவாயும்: சுயாதீனவாதம் பற்றிய சில மறுப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலோடு ஒட்டி அமைந்துள்ள கீரிமலைக் கேணியை அறியாத ஈழத்துச் சைவர் அரியர். நகுலேசுவரத்தின் தீர்த்தமாகப் போற்றப்படும் இக்கேணியைச் சூழ்ந்து வழங்கும் ஐதிகங்களுள் இரண்டு பிரசித்தமானவை. கீரிமுகத்தோடு வாழ்ந்த நகுல முனிவர் இந்நீரில் ஆடி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. குதிரை முகத்தாலும் தீராப் பிணியாலும் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு தீர்த்தமாடிக் குறை நீங்கினாள் என்பதும், அவளது 'மா' முகம் விட்டகன்றமையாலேயே அயற்கிராமம் மாவிட்டபுரம் எனப் பெயர் பெற்றது என்பதும் மற்றையது. இவற்றின் வரலாற்றுண்மை இக்கட்டுரையின் பொருளன்று. ஒருவர் அடைந்துள்ள நிலைக்கு அவருடைய முன்னை வினையே காரணம் என்ற எண்ணம், இத்தகைய ஐதிகங்கள் வாழும் சமூகத்திலே எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதே இங்கு நோக்கற்பாலது. 'வினைக்கு உரியவன் நீயே' என்று ஒருவனைச் சுட்டும்போது நாம் எதனைக் கருதுகிறோம்? அவன் வேறுவிதமாகவும் செய்திருக்கலாம் என்றா? அவ்வாறாயின் 'செய்திருக்கலாம்' என்பதன் பொருள் யாது?

மேலைநாட்டு மெய்யியலில் இவ்வினாவுக்கு மிக உறுதியான விடையைத் தருவோர் லிபர்ட்டேரியனிசம் எனப்படும் கொள்கையினர். விருப்பின் முழுச் சுயாதீனத்தை வற்புறுத்தும் அக்கொள்கையை இங்கு சுயாதீனவாதம் எனச் சுருக்கமாக வழங்குவோம். (அரசின் தலையீட்டை வெறுக்கும் அரசியற் கொள்கையொன்றும் இதே ஆங்கிலப் பெயரைச் சுமந்து நிற்கிறது. அது வேறு, இது வேறு. எனினும் வறியவனின் வறுமைக்கு அவனே பொறுப்பு என்று முன்னதைச் சார்ந்தோர் வாதிடும்போது பின்னதிலிருந்து கடன் வாங்குவதுண்டு.) சுயாதீனவாதத்தின் கூற்றுகள் இரண்டு. உலகின் ஒரு கணத்து நிலையும் இயற்கை விதிகளும் சேர்ந்து அடுத்து நிகழ்வது இன்னதே என ஒருமுகமாக முடிவுசெய்து விடுகின்றன என்னும் காரணநிர்ணயவாதம் மெய்யாயின், மனிதருக்குச் சுயாதீனம் இல்லை என்பது முதலாவது. மனிதருக்குச் சுயாதீனம் உண்டு என்பது இரண்டாவது. எனவே காரணநிர்ணயவாதம் பொய் என்ற முடிவுக்கு அவர்கள் வருகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து அறிஞர் தோமஸ் றீட் (1788) இதனை வலிமையோடு எடுத்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டில் சி. ஏ. கம்பெல், றொடரிக் சிஷோம், பீற்றர் வான் இன்வேகன், றொபேட் கேன் முதலியோர் புதுப்பித்தனர். முதற் கூற்றை மறுத்து, காரணநிர்ணயமும் சுயாதீனமும் ஒன்றோடொன்று பொருந்துவன என்போர் இணக்கவாதிகள். ஹொப்ஸ், ஹியூம் ஆகியோரை இவர்களின் முன்னோராகக் கொள்வது வழக்கம்.

சுயாதீனவாதத்தை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. வான் இன்வேகன் 1983இல் வெளியிட்ட நூலில் ஒரு வாதத்தை முன்வைத்தார். காரணநிர்ணயவாதம் மெய்யாயின், நமது செயல்கள் யாவும் நாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னிருந்த உலக நிலையினதும் இயற்கை விதிகளினதும் விளைவுகளே. நாம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது நம் கையில் இல்லை; இயற்கை விதியும் நம் கையில் இல்லை. அவற்றின் விளைவு மட்டும் நம் கையில் உள்ளது என எங்ஙனம் கூறலாம்? இணக்கவாதிகள் இதற்குப் பல விடைகள் கூறியுள்ளனர். அவற்றுள் ஒன்றும் முற்றாக நிறைவு தருவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இவ்வாதம் நிறுவுவது முதற் கூற்றை மட்டுமே என்பதை மறத்தலாகாது. 'காரணநிர்ணயம் இருப்பின் சுயாதீனம் இல்லை' என்பதிலிருந்து 'காரணநிர்ணயம் இல்லாவிடின் சுயாதீனம் உண்டு' என்பது பெறப்படாது. மழை பெய்யாவிடின் நெல் விளையாது என்பதிலிருந்து, மழை பெய்தால் நெல் தானே விளையும் என்ற முடிவு கிடைக்காதன்றோ? சுயாதீனவாதத்தின் இடர் இங்கேதான் தொடங்குகிறது.

அவ்விடரை விளங்கிக்கொள்ளக் கீரிமலை ஊற்றே நல்ல உதாரணமாகும். குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வலிகாமத்தின் செம்மண்ணில் விழும் மழை, கீழுள்ள மயோசீன் காலச் சுண்ணக்கற் படையின் வெடிப்புகளூடும் பொந்துகளூடும் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாகத் தங்கி, கடற்கரையை நோக்கி நகர்ந்து ஆங்காங்கே வெளிப்படுகிறது. நிலாவரைக் கிணற்றுக்கும் கீரிமலைக்கும் நிலத்தின்கீழ்த் தொடர்பு உண்டென்பது ஊர்வழக்கு. கேணிப் படியில் நிற்பவனுக்கோ நீர் அவ்விடத்திலேயே பிறப்பதுபோலத் தோன்றும். மழையும் மண்ணும் கல்லும் அவன் கண்ணுக்குப் புலனாகா. எறியப்பட்ட கல்லுக்கு உணர்வு வருமாயின் தான் விரும்பியே பறப்பதாக அது எண்ணும் என்று ஸ்பினோசா 1674இல் எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிட்டார். அலையாக எழலாம், அருவியாக வீழலாம், குளத்தில் அமைதியாகக் கிடக்கலாம், எல்லாம் என் விருப்பம் என்று நீர் தனக்குள் பேசிக்கொள்வதாக ஷோப்பனவர் தமது 1839ஆம் ஆண்டுப் பரிசுக் கட்டுரையிற் கற்பனை செய்தார். காரணங்களை அறியாமை, காரணமின்மை ஆகாது என்பதே இருவரும் உணர்த்த விரும்பியது. சுயாதீனவாதி வேண்டுவதோ வேறு: மழை எவ்வளவு பெய்திருந்தாலும், கல் எவ்வாறு அமைந்திருந்தாலும், நீர் வருவதும் வராமையும் இறுதியில் ஊற்றினாலேயே தீர்மானிக்கப்படல் வேண்டும். மனிதன் தன் செயலின் இறுதித் தோற்றுவாயாக இருத்தல் வேண்டும். இது கூடுமா?

முதல் மறுப்பு தற்செயல் பற்றியது. ஹியூம் 1739இலேயே இதனைத் தொட்டுக்காட்டினார், ஆர். ஈ. ஹோபாட் என்ற புனைபெயரில் 1934இல் வெளியான கட்டுரையொன்று அதனை விரிவாக வளர்த்தது. ஒரு செயல் எனது குணம், எண்ணம், விருப்பு ஆகியவற்றிலிருந்து விளையவில்லையாயின், அது எந்த வகையில் எனது செயலாகும்? திடீரென என் கால் உதறிக்கொண்டால் அது எனக்கு நேர்ந்தது, நான் செய்ததன்று.

இதனை வெறும் கால் உதறலோடு விடாது, நமது மண்ணுக்குரிய தருணமொன்றில் வைத்து நோக்குவோம். தீண்டாமைக்கெதிராக 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் பின் குடாநாட்டின் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் போராட்டம் பரவியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில், ஒடுக்கப்பட்ட சாதியினரும் அவர்களோடு நின்ற பிறரும் உள்ளே சென்று வழிபடும் உரிமை கோரி நின்றனர். அவர்களை மறித்து நின்றோரின் தலைவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். அக்கூட்டத்தின் ஓரத்தில், மறிப்போரின் சாதியிற் பிறந்த ஓர் இளம் ஆசிரியரைக் கற்பனை செய்வோம். தந்தையும் சிறிய தந்தையும் மறிப்போர் பக்கம் நிற்கின்றனர். அவர் வகுப்பிற் படிப்பிக்கும் பிள்ளையின் தாய் வெளியே நிற்கிறார். குடும்பத்தின்மேற் பற்று ஒருபுறம். தமக்குள்ளே முளைத்துவிட்ட நீதியுணர்வு மறுபுறம். அவர் நெடுநேரம் தயங்கி, ஈற்றில் வெளியே நிற்போர் பக்கம் சென்று நிற்கிறார்.

சுயாதீனவாதியின் கூற்றுப்படி, அவர் அடியெடுத்து வைப்பதற்கு முந்திய கணம்வரை அவரது எண்ணம், குணம், நினைவு, நரம்பு ஆகிய யாவும் அவ்வாறே இருக்க, அவர் மறுபக்கம் சென்றிருத்தலும் கூடும். இப்போது வான் இன்வேகனே பின்னொரு கட்டுரையிற் கையாண்ட ஓர் உபாயத்தை இங்கு பயன்படுத்துவோம். (தம் கொள்கைக்கு எதிரான வலுவான வாதத்தைத் தாமே கூர்மையாக்கித் தந்த அவரது நேர்மை பாராட்டத்தக்கது.) இறைவன் அக்கணத்துக்கு முன்னைய நிலைக்கு உலகை ஆயிரம் முறை திருப்பி ஓடவிடுகிறான் என்க. ஏறத்தாழ அறுநூறு முறை அவர் வெளியே நிற்போரோடு சேர்கிறார். நானூறு முறை தந்தையோடு சேர்கிறார். அறுநூறுக்கும் நானூறுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை விளக்குவது யாது? அவருடைய நீதியுணர்வா? அது ஆயிரம் முறையும் அதே அளவினதே. அவருடைய அச்சமா? அதுவும் அவ்வாறே. அவரிடத்து உள்ள எதுவும் இவ்வேறுபாட்டை விளக்காது. எனவே அவர் இம்முறை நியாயத்தின் பக்கம் நின்றது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்பதன்றி வேறு என்ன கூறலாம்? அவருடைய துணிவைக் காப்பாற்ற வந்த கொள்கை, அத்துணிவை நாணயச் சுண்டலாக்கி விடுகிறது.

இவ்விடத்தில் நவீன பௌதிகத்தைத் துணைக்கழைப்போர் உளர். அணுவினுள் நிகழ்வன சில நிர்ணயிக்கப்படாதன என்று குவாண்டம் கொள்கை கூறுவது உண்மையே. அதன் பொருள் பற்றிப் பௌதிகவியலாளரிடையே ஒருமைப்பாடு இல்லை என்பதும் உண்மை. ஆனால் இது பழைய உபாயமே. அணுக்கள் நேர்வழியினின்றும் சிறிதே விலகுகின்றன என எப்பிக்கூரஸ் வழிவந்தோர் கூறியதாக உலுக்கிறீஷியஸின் காவியம் வழியே அறிகிறோம். அணு விலகினால் அணு விலகியது. அதனால் என் ஆளுகை கூடியதாகாது.

றொபேட் கேன் இதற்கு நுட்பமான விடையொன்று தந்தார். மனம் இரண்டாகப் பிளவுண்ட தருணங்களில் மனிதன் ஏககாலத்தில் இரு முயற்சிகளில் ஈடுபடுகிறான். எந்த முயற்சி வென்றாலும் அது அவன் முயன்று பெற்ற வெற்றியே. ஆகவே முடிவு நிர்ணயிக்கப்படாததாயினும் அவனுடையதே என்பது அவரது விடை. நமது ஆசிரியர் தந்தையோடு நிற்கவும் முயன்றார். அவரை விட்டு வரவும் முயன்றார். இவ்விடையில் உளவியல் உண்மையொன்று உண்டு. மனப்போராட்டத்தை அனுபவித்தோர் அதனை உடன் உணர்வர். எனினும் வினா தீரவில்லை. இரண்டும் அவருடைய முயற்சிகள் என்பதை ஏற்றுக்கொள்வோம். இரண்டினுள் இது வென்றது ஏன் என்பதே வினா. அதற்கு அவரிடத்து விடை இல்லையாயின், கேன் நமக்குத் தந்தது இருபுறமும் அவர் பெயர் பொறித்த நாணயமே.

இரண்டாவது மறுப்பு சுயாதீனவாதிகளுள் மற்றொரு சாராரை நோக்கியது. நிகழ்ச்சிகள் செயலை விளைவிப்பதில்லை, மனிதனே, 'கர்த்தா' என்ற முறையில், விளைவிக்கிறான் என்பர் இவர்கள். றீட் வழியில் சிஷோம் 1964இல் நிகழ்த்திய விரிவுரையில் இதனை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார்: நாம் ஒவ்வொருவரும், சிலர் இறைவனுக்கு மட்டுமே உரியதாகக் கூறும் தகைமையை, அதாவது பிறிதொன்றால் இயக்கப்படாது இயக்கும் தன்மையை, உடையோம் என்பதே அவர் கருத்து. இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1934இல், கேம்பிறிட்ஜ் அறிஞர் சி. டி. புறோட் இதன் அடிப்படை இடரைச் சுட்டியிருந்தார். ஒரு செயல் குறித்த நேரத்தில் நிகழ்கிறது. அதன் காரணமோ நேரமற்ற ஒரு பொருள். ஆசிரியர் என்ற ஆள். அவர் காலையிலும் அதே ஆள், மாலையிலும் அதே ஆள். அவரிடத்து யாதொரு மாற்றமும் காரணமாகாதெனின், செயல் மாலையில் நிகழ்ந்து காலையில் நிகழாமைக்கு நியாயம் யாது? மாற்றமொன்று காரணம் எனின், அது நிகழ்ச்சி. நிகழ்ச்சியின் காரணத்தைத் தேடும் சங்கிலிக்குள் மீண்டும் வந்துவிடுகிறோம். 'கர்த்தா' என்ற சொல் இங்கு விளக்கமன்று. விளக்கம் இருக்கவேண்டிய இடத்திற்கு இடப்பட்ட பெயர்.

சைவசித்தாந்தம் பயின்றோர்க்கு இவ்விவாதம் அந்நியமாகத் தோன்றாது. ஆன்மாவுக்கு இச்சை, ஞானம், கிரியை உண்டு என்பதில் சித்தாந்தம் உறுதியானது. அவ்வகையில் ஆன்மா கர்த்தாவே. ஆனால் அவை ஆணவத்தால் மறைப்புண்டவை. கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்கள் மாயையிலிருந்து தோன்றி அவற்றைச் சிறிதளவு விளங்கச் செய்கின்றன. வினைப்பயன் செய்தவனையே சேருமாறு நியதி தத்துவம் வரையறுக்கிறது. வினை சடமாதலின் பயனைக் கூட்டுவிப்போன் இறைவன். இவை யாவற்றுக்கும் மேலாக, சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பெனக் கூறப்படுகிறது. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அருணந்தியாரும் வகுத்த இந்த ஆன்மா, சிஷோமின் இயக்கப்படாத இயக்குநன் அல்லன். மேலை உலகின் சுயாதீனவாதத்துக்குச் சித்தாந்தத்திலிருந்து சான்று தேட முயல்வோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது மறுப்பே, என் கருத்தில், எல்லாவற்றிலும் ஆழமானது. கலன் ஸ்ட்றோசன் இதனை 1986இலும் 1994இலும் தெளிவான வடிவில் முன்வைத்தார். நான் செய்வது நான் எத்தகையவனாக இருக்கிறேன் என்பதிலிருந்து விளைகிறது. செயலுக்கு நான் இறுதியாகப் பொறுப்பாளி ஆகவேண்டுமாயின், நான் இத்தகையவனாக இருப்பதற்கும் நானே பொறுப்பாளி ஆதல் வேண்டும். அதற்கு, நான் என்னை இவ்வாறு ஆக்கிக்கொள்ளத் தெரிந்திருத்தல் வேண்டும். அத்தெரிவைச் செய்தவனும் ஏற்கெனவே ஒரு குணமுடையவன். அக்குணத்துக்குப் பொறுப்பாளி யார்? பின்னோக்கிச் செல்லும் இவ்வரிசைக்கு முடிவில்லை. தன் தலைமயிரைத் தானே பிடித்துச் சேற்றிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டதாகப் பெருமை பேசிய முன்கௌசன் பிரபுவுக்கு ஒப்பானது இந்த ஆசை என்று நீட்சே 1886இல் எள்ளினார். இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இம்மறுப்புக்குக் காரணநிர்ணயவாதம் தேவையில்லை. உலகம் நிர்ணயிக்கப்பட்டதாயினும் அன்றாயினும், தன்னைத் தானே முற்றாகப் படைத்துக்கொண்டவன் எவனும் இலன்.

இதற்கு நம் மரபில் ஒரு விடை உண்டு. உண்மையில் அது உலகின் மெய்யியல் மரபுகளிலேயே மிகத் துணிவான விடைகளுள் ஒன்று: கன்மக் கொள்கை. நீ இத்தகையவனாக இருப்பதற்கு நீயே பொறுப்பு. முற்பிறவியில் நீ செய்த வினை உன்னை இவ்வாறு ஆக்கிற்று. முற்பிறவியில் நீ அவ்வாறிருந்தமைக்கு அதற்கு முற்பிறவி. தொடக்கம் எது என வினவின், தொடக்கம் இல்லை, கன்மம் அநாதி. ஸ்ட்றோசன் முடிவற்ற பின்னோட்டத்தைக் குற்றமாகக் காட்டினார். கன்மக் கொள்கையினரோ அதனையே தம் கொள்கையாக ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் முடிவின்மை பொறுப்பை வழங்குமா? ஒவ்வொரு பிறவியும் தன் பொறுப்பை முந்திய பிறவியிடமிருந்து கடனாகப் பெறுகிறது. கடன் வாங்கியோர் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சொந்தப் பணம் உடையவன் ஒருவனேனும் இல்லையாயின், பணம் எங்கிருந்து வந்தது? இது புதிய வினாவன்று. சங்கரர் பிரமசூத்திர பாடியத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், ஈசுவரனையும் கன்மத்தையும் ஒன்றையொன்று இயக்குவனவாகக் கொண்டு அநாதி என்று தப்பமுயல்வோரை, குருடர் குருடரை வழிநடத்தும் வரிசை என்னும் நியாயத்தால் மறுக்கிறார். அதே அத்தியாயத்தின் முற்பகுதியிலோ, உலகின் ஏற்றத்தாழ்வுகளுக்குப் பிரமம் பொறுப்பன்று என நிறுவ, சம்சாரம் அநாதி என்ற அதே விடையைத் தாமே கையாள்கிறார். பெரும் தருக்கியையும் இருமுனைகளில் நிற்கச் செய்யும் அளவுக்கு இப்பிரச்சினை கடினமானது.

மூளை பற்றிய ஆய்வுகளையும் இவ்விவாதத்திற் பலர் இழுத்துவருவர். 1983இல் பெஞ்சமின் லிபெற்றும் உடனாய்வாளரும், கையசைக்கும் எண்ணம் உணர்வில் தோன்றுவதற்கு ஏறத்தாழ மூன்றிலொரு செக்கனுக்கு முன்பே மூளையில் ஆயத்த மின்மாற்றம் தொடங்குவதாகக் காட்டினர். 2012இல் வேறு ஆய்வாளர் அம்மின்மாற்றத்துக்கு வேறு விளக்கம் தந்தனர். கையசைப்பு எங்கே, கோயில் வாயிலில் நின்ற தயக்கம் எங்கே? மேற்கூறிய மறுப்புகள் ஆய்வுகூடத்தை நம்பி நிற்பன அல்ல. அதனை அதற்குரிய இடத்தில் விட்டு மேற்செல்வோம்.

சுயாதீனவாதத்தை மறுப்பவன் விதிவாதத்தைத் தழுவுகிறான் என்ற அச்சம் பரவலானது. இது பெருங்குழப்பம். விதிவாதம் கூறுவது, முயன்றாலும் முயலாவிடினும் வருவது வரும் என்பது. காரணநிர்ணயவாதம் கூறுவதோ, முயன்றால் ஒன்று, முயலாவிடின் வேறொன்று என்பது. முயற்சியும் காரணங்களுள் ஒன்று. நோய் தீர்வது விதியாயின் வைத்தியரை அழைப்பது வீண் என்னும் சோம்பல் வாதத்துக்கு ஸ்தோயிக்கரான கிறிசிப்பஸ், வைத்தியரை அழைப்பதும் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கலாமே என விடையிறுத்தார். தமிழில் இவ்வேறுபாடு நீண்டகாலம் சிந்திக்கப்பட்டதொன்று. நியதியே யாவும் எனக் கொண்ட ஆசீவகரின் கொள்கை மணிமேகலையில் எடுத்துரைக்கப்படுகிறது. நீலகேசியில் வாதத்துக்குட்படுத்தி மறுக்கப்படுகிறது. திருக்குறளின் முப்பத்தெட்டாம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசி, அதனை விஞ்சும் வலிமை இல்லை என்னும் அளவுக்குச் செல்கிறது. அறுபத்திரண்டாம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையோ, தளராது முயல்வோர் ஊழையே புறங்காண்பர் என முடிகிறது. உரையாசிரியரும் பிற்கால அறிஞரும் இவ்விரண்டையும் பொருத்திக்காட்டப் பெரிதும் உழைத்துள்ளனர். முரண்பாட்டை முரண்பாடாகவே விட்டுச்சென்றமை வள்ளுவரின் நேர்மை என்று கொள்ளவும் இடமுண்டு.

கீரிமலையிலே ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் ஆற்றுவோரின் செயலும் இங்கு சிந்தனைக்குரியது. இறந்தோருக்காக உயிரோடுள்ளோர் செய்யும் கிரியை அவர்களுக்கு நன்மை பயக்கும் என்பது அதன் உட்கிடை. ஒருவனது நிலை அவனது வினையால் மட்டுமே முற்றாக முடிவுசெய்யப்பட்டதாயின் இக்கிரியைக்கு இடமில்லை. ஏட்டுக் கொள்கையைவிட வழக்கம் தாராளமானது போலும்.

அதே கீரிமலை, வலிகாமம் வடக்கின் ஏனைய கிராமங்களோடு, 1990இல் போரினால் இடப்பெயர்வைக் கண்டது. அதனை விதி என்று கூறி அமைவது ஒன்று. யாருடைய கட்டளையால், எவ்வரசியலால், எந்தக் குண்டுவீச்சால் அது நேர்ந்தது எனத் தேடுவது வேறொன்று. பின்னையதே காரணம் தேடும் மனப்பாங்கு. அது விதிவாதத்துக்கு நேர் எதிரானது. இயற்கையின் இன்றியமையாமையை அறிந்து பயன்கொள்வதே சுதந்திரம் என ஏங்கெல்ஸ் 1878இல், ஹெகலைப் பின்பற்றி, எழுதியதன் உட்பொருளும் இதுவே. வரலாற்றின் இன்றியமையாமையில் நம்பிக்கை கொண்டோர் சோம்பியிருந்ததற்கு மாறாக ஊக்கத்தோடு செயற்பட்டனர் என்பதைப் பிளெக்கனோவ் 1898இல் எடுத்துக்காட்டினார். எனினும் முற்போக்கு வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இன்றியமையாமையை அறிதல் நமது ஆற்றலைப் பெருக்கும் என்பது உண்மை. அது நம்மை நமது இறுதித் தோற்றுவாய் ஆக்கிவிடாது. ஏங்கெல்ஸின் கூற்றை இப்பழைய மெய்யியற் சிக்கலுக்கு முடிந்த முடிபாகக் காட்டுவது மிகை.

அவ்வாறாயின் மறுப்புகளால் நாம் இழப்பது யாது? தயங்குதல், சிந்தித்தல், தெரிதல், வாக்குறுதி அளித்தல், மனம் மாறுதல் ஆகியன எதுவும் இழக்கப்படுவதில்லை. நோயுற்று உதறும் கைக்கும் ஓங்கி அறையும் கைக்கும் உள்ள வேறுபாடும் அழிவதில்லை. பி. எவ். ஸ்ட்றோசன், மேற்குறித்த கலனின் தந்தையார், 1962இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டியவாறு, கோபமும் நன்றியும் மன்னிப்பும் மனித உறவின் இழைகள். மெய்யியற் கொள்கையொன்றின் அனுமதிக்காக அவை காத்திருப்பதில்லை. இழக்கப்படுவது ஒன்றே: ஒருவன் தான் அடைந்துள்ள இழிவுக்கு முற்றமுழுக்கத் தகுதியானவன் என்ற எண்ணம்.

நமது சமூகத்தில் இதன் முக்கியத்துவம் சிறிதன்று. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில் நுழைவை மறுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. பதினொரு ஆண்டுகளின் பின்னும் மாவிட்டபுர வாயில் மறிக்கப்பட்டது. மறிப்போர் ஆகமத்தையும் மரபையும் எடுத்துக்காட்டினர். ஆனால் அந்த மரபு நெடுங்காலம் நெஞ்சை உறுத்தாது நின்றதற்குத் துணைசெய்த எண்ணங்களுள் ஒன்று, தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவன் தான் செய்த வினையின் பயனையே நுகர்கிறான் என்பது. சாதியைப் பிறப்பால் விதிப்பவன் மனிதன். பழியைச் சுமப்பவனோ அவ்விதிக்கு உட்பட்டவன். தன் பிறப்பைத் தானே ஆக்கிக்கொண்டவன் எவனும் இலன் என்ற மூன்றாவது மறுப்பு இவ்வெண்ணத்தின் அடியையே அறுக்கிறது. சோழ இளவரசியின் குதிரை முகம் கழுவப்பட்டதாகக் கதை கூறும் அதே ஊரில், எந்தத் தீர்த்தத்தாலும் கழுவப்படாததாகச் சாதி நின்றமையை என்னென்பது?

ஒரு நியாயமான தடை எஞ்சியுள்ளது. தாழ்த்தப்பட்டவன் தன் நிலைக்கு இறுதிப் பொறுப்பாளி அல்லன் எனின், வாயிலை மறித்தவனும் தன் செயலுக்கு இறுதிப் பொறுப்பாளி அல்லனே? ஆம், வாதத்தை ஒருபுறம் மட்டும் செலுத்துதல் தகாது. அவனும் தன் குடும்பத்தாலும் குலத்தாலும் காணியாலும் கல்வியாலும் ஆக்கப்பட்டவன். ஆயினும் அவனைத் தடுத்தலும், சட்டத்தின் முன் நிறுத்தலும், அவன் செய்தது அநீதி என உரத்துக் கூறலும் இதனால் நியாயமற்றன ஆகா. அவை வருங்காலத்தை நோக்கியவை; அவன் மனத்தையும் அவன் பிள்ளைகளின் மனத்தையும் மாற்றும் காரணங்கள். நியாயமற்றதாவது, அவன் துன்புறுவதே நன்று என்ற பழிவாங்கல் உணர்வு மட்டுமே.

இதனிலும் கடினமானது புகழ் பற்றிய வினா. வெளியே நிற்போரோடு சேர்ந்த அந்த ஆசிரியரைப் போற்ற நமக்கு உரிமை உண்டா? சுயாதீனவாதி, தன் கொள்கை இல்லாவிடின் அவருடைய துணிவு வெறுமையாகிவிடும் என்பான். ஆனால் அத்தகையவர் ஒருவரிடம் ஏன் அப்பக்கம் சென்றீர் என வினவிப் பார்க்கலாம். எதனாலும் தீர்மானிக்கப்படாது என்னிலிருந்து மட்டும் எழுந்தது என்று அவர் கூறார். சிறுவயதில் தம்மோடு விளையாடிய நண்பன், வாசிகசாலையிற் படித்த ஒரு நூல், சங்கக் கூட்டத்திற் கேட்ட பேச்சு, தேநீர்க் கடையில் வேறாக வைக்கப்பட்டிருந்த குவளை, தம் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை என்று காரணங்களையே ஒவ்வொன்றாகச் சொல்வார்.